சொந்த வீட்டை விட்டுப் போனவள்

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்க கண்ணு. பை இருக்கட்டும், மடியிலயே வெச்சுக்கறேன். உள்ள இருக்கறதெல்லாம் அவ குடுத்தனுப்புன முருங்கைக்காயும் தேங்காயும்தான். குடுத்தனுப்பறதுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல. காதுல மாட்டியிருக்கியே, அதுல பாட்டா, போனா? பாட்டுன்னா அப்புறம் கேட்டுக்கலாம். ஒரு காதை மட்டும் கழட்டிக்க, போதும். பொள்ளாச்சியில இருந்து கோயமுத்தூர் வரைக்கும் பேசாம எப்படிப் போறது?

நான் ஆனைமலையில இருந்து வர்றேன். எந் தங்கச்சியப் பாத்துட்டு வர்றேன். ஒரே வயித்துல பொறந்தவ. அவ எனக்குப் பண்ணுன துரோகத்தைப் பகையாளி கூடப் பண்ணமாட்டான். இப்படி ஒரு பஸ்சுல, முன்னப்பின்ன தெரியாத புள்ளைகிட்டச் சொல்ற மாதிரி ஆகிப்போச்சு பாரு.

எம் பேரு துளசிமணி. அவ அமராவதி. உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்க ஊரு, அமராவதி ஆத்துத் தண்ணி பாயற ஊரு. எங்கப்பா ஆத்துப் பேர வெச்சாரு, ஆனா அவகிட்ட ஒரு சலசலப்பு இருக்காது. வீட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தா நான் வாசலுக்கு ஓடுவேன். அவ பொறவாசல் வழியாப் போயி மாட்டுக் கொட்டாயில உக்காந்துக்குவா. எங்கம்மா என்னையப் பாத்து, "உன் வாயில பாதிய அவளுக்குக் குடுத்திருக்கலாம்டி"ம்பாங்க. நான் இல்லேன்னா சொன்னேன்? குடுக்கத்தான பாத்தேன், ஆயுசுக்கும்.

கல்யாணம் வேண்டாம்னுட்டா. தண்ணியப் பரிசோதனை பண்ற ஆபீஸ்ல வேலை. ஊரு ஊருல இருந்து பாட்டில் பாட்டிலாத் தண்ணி வரும், அதுல உப்பு எவ்வளவு, வேற கெடுதி என்னன்னு பாத்துச் சொல்லோணும். தண்ணி பேசாது பாரு, அவளுக்குத் தோதான வேலை. கோயமுத்தூர்ல சொந்தமா ஒரு பிளாட் வாங்குனா. மூணாவது மாடி, ரெண்டு ரூம், ஒரு பால்கனி. எல்லாம் அவ சம்பாத்தியம். அதுல நான் ஒண்ணும் கொறை சொல்லமாட்டேன்.

எங்க வீட்டுக்காரரு தவறிப்போனாரு. காரியமெல்லாம் முடிஞ்ச பொறவு எம் பையன் நவநீதன், "ஓசூருக்கு எங்கூட வந்துருங்கம்மா"ன்னான். அங்க போனா அவனும் மருமகளும் காலையில வேலைக்குப் போயிருவாங்க. பகல் பூரா செவுத்தையா பாத்துட்டு உக்காந்திருக்கறது? அதுவும் இல்லாம எனக்கு அமரா நெனப்பு. அவ அப்பத்தான் ரிடையர் ஆகியிருந்தா. ஒண்டிக்கட்டை. பேச்சுத்தொணைக்கு ஆளில்லாம, உள்ளயே போட்டுப் போட்டு ஏதாவது ஆகிப்போச்சுன்னா? டிவியில தெனமும் சொல்றாங்களே, தனிமைதான் பெரிய வியாதின்னு. "இல்ல சாமி, உங்க சித்திக்கு நான் தொணை இருக்கேன்"னு சொல்லிட்டு, பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன்.

அவ கூப்பிட்டாளான்னா? கூடப்பொறந்தவ வீட்டுக்குப் போறதுக்கு அவ கூப்பிடோணுமா என்ன?

கதவத் தொறந்தவ, "வாக்கா"ன்னா. பெட்டியப் பாத்தா. "எத்தன நாளைக்குக்கா?"ன்னா. எனக்கு ஒரே சிரிப்பு. "எத்தன நாளைக்கா? இனிமே உன்னையத் தனியா விடறதா இல்லடி"ன்னேன். அவளும் சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா.

அந்த வீட்ட நீ பாத்திருக்கோணும் கண்ணு. டிவி இருக்கும், ஓடாது. பக்கத்து வீட்டு ஆளு பேரு கூட அவளுக்குப் பாதி தெரியாது. காலையில காப்பிய எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போனா ஒரு மணி நேரம் ஆகும் உள்ள வர. அங்க என்ன இருக்குது? ஒரு வேப்பமரம், ஒரு தண்ணி டேங்க். "என்னடி பாக்கற?"ன்னா, "ஒண்ணும் இல்லக்கா"ம்பா. ஒண்ணும் இல்லாததை எதுக்கு ஒரு மணி நேரம் பாக்கோணும்? எனக்குப் பயமாப் போச்சு. அப்புறம் நானும் ஒரு சேரை எடுத்துப் போட்டுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நாள்ல அவ பால்கனிக்குப் போறதையே விட்டுட்டா. பரவால்ல, ஒரு கெட்ட பழக்கம் போச்சுன்னு நெனச்சேன்.

நான் எங்க போனாலும் ஆளு சேத்திருவேன். அது ஆண்டவன் குடுத்தது. கீழ் வீட்டு ஜோதிமணி, எதுத்த பிளாக் கனகவல்லி டீச்சர், ரெண்டாவது மாடி ஹாஜிரா, எல்லாரும் எனக்குப் பழக்கமாயிட்டாங்க. வெள்ளிக்கெழமை ஆனா எங்க வீட்டுல விளக்கு பூஜை. காலையில பார்க்குல கைதட்டிச் சிரிக்கற கூட்டம் ஒண்ணு இருக்குது, அதுல அமராவையும் சேத்துவிட்டேன். கைய மேல தூக்கி ஹா ஹான்னு சிரிக்கோணும். இவ கைய மட்டும் தூக்குவா. அப்புறம் வள்ளிக் கும்மி கத்துக்குடுக்க ஒரு மாஸ்டர் வந்தாரு. மாடியில வெயிலுன்னு எங்க ஹால்லயே பழகினோம். சோபாவத் தூக்கி அவ ரூமுல போட்டுட்டோம். வீடே கலகலன்னு ஆயிருச்சு. அமராதான் எல்லாருக்கும் காப்பி போடுவா. அடுப்படியில நின்னுக்கிட்டே இருப்பா, கூப்பிட்டாலும் வரமாட்டா. ஆனா மொகம் சுளிச்சதில்ல, அதைச் சொல்லோணும்.

ஒரு நாளு அசோசியேசன் ஹாலுக்கு ஒரு டாக்டரம்மா வந்தாங்க, மனசு சம்பந்தமாப் பேசறதுக்கு. நான் அமராவ இழுத்துக்கிட்டுப் போயி முன்னால உக்காந்தேன். பேசி முடிச்சுட்டு, யாராவது ஏதாவது கேக்கறீங்களான்னாங்க. எந்திரிச்சேன். "ஏனுங் டாக்டர், இது எந் தங்கச்சி. சின்னதுல இருந்தே பேசமாட்டா, ஒருத்தரோடயும் ஒட்டமாட்டா. இதுக்கு ஏதாவது வைத்தியம் இருக்குதுங்களா?"ன்னேன். ஊரே திரும்பிப் பாத்துச்சு. கேட்டாத்தானே தெரியும்?

அந்தம்மா அமராகிட்ட, "உங்களுக்கு ஏதாவது கஷ்டமா இருக்குதுங்களா?"ன்னாங்க.

இவ தலையக் குனிஞ்சுக்கிட்டே, "இப்ப இருக்குதுங்க"ன்னா.

ஹாலே சிரிச்சிருச்சு! எனக்குப் பெருமை தாங்கல. நாலு பேரு முன்னாடி அவ ஒரு தமாசு பேசிட்டாளே! எல்லாம் நம்ம பழக்கம்னு நெனச்சேன்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கல. அவங்க சொன்னாங்க, "சில பேருக்குப் பத்துப் பேரு கூட இருந்தாத்தான் தெம்பு வரும். சில பேருக்குத் தனியா இருந்தாத்தான் தெம்பு வரும். ரெண்டும் நோய் இல்லம்மா. இவங்களை அவங்க மாதிரி இருக்கச் சொன்னாத்தான் நோய் வரும்." அப்புறம் என்னையப் பாத்து, "நீங்க ஒரு நாள் பூராத் தனியா இருந்தா எப்படி இருப்பீங்க?"ன்னு கேட்டாங்க. "நான் எதுக்குங்க டாக்டர் தனியா இருக்கோணும்?"னேன். அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல டாக்டரு. தெளிவாச் சொன்னாங்க, அமராவுக்கு நோய் ஒண்ணும் இல்லேன்னு. எனக்கு நிம்மதியாப் போச்சு. கும்மிக்கு இன்னும் ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டோம்.

கிணத்துக்கடவு வந்துருச்சா? மலை மேல கோயில் தெரியுது பாரு, கும்பிட்டுக்க.

அதுக்கப்புறம் இவ ஒரு மாதிரி நடந்துக்க ஆரம்பிச்சா. பாத்ரூமுக்குப் போனா வெளிய வரமாட்டா. தண்ணி ஓடற சத்தமும் கேக்காது. நான் கதவத் தட்டித் தட்டி, "என்னடி, மயக்கமா?"ன்னு கேப்பேன். ரேசன் கடைக்குப் போறேன்னு கெளம்பினா பொழுதுக்கும் அங்கயே நிப்பா. வாட்ச்மேன் ஒரு நாளு எங்கிட்ட வந்து, "ஏனுங்கம்மா, உங்க தங்கச்சி மொட்டை மாடிப் படியில ஒக்காந்து புஸ்தகம் படிக்கறாங்க, வீட்டுல ஏதாவது சண்டைங்களா?"ன்னான். எனக்கு மானமே போச்சு. சொந்த வீட்டுல சோபா இருக்குது, கட்டில் இருக்குது. படியிலயா போயி உக்காருவாங்க? கேட்டா, "காத்து வந்துச்சுக்கா"ங்கறா.

தூக்கமும் இல்ல அவளுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா பிரஷர்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. நான் சொன்னேன், "பாத்தியா, எத்தனை வருஷமா மனசுல போட்டு அழுத்தி வெச்சிருக்கியோ, இப்ப வெளிய வருது"ன்னு. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. "அக்கா, எனக்குக் கொஞ்சம்..."ன்னு ஏதோ சொல்ல வந்தா. அதுக்குள்ள ஜோதிமணி பெல் அடிச்சுட்டா.

அவளுக்கு அறுபது முடிஞ்சுது. அவ பொறந்த நாளை இதுவரைக்கும் யாராவது கொண்டாடியிருக்காங்களா? நான் கொண்டாடுனேன். அவளுக்குத் தெரியாம. கடைக்கு அனுப்பிட்டு, திரும்பி வர்றதுக்குள்ள பிளாக்குல இருக்கற அத்தனை பேரையும் உள்ள ஒக்கார வெச்சு, லைட்டை அணைச்சுட்டேன். அவ சாவியப் போட்டுக் கதவத் தொறந்தா. லைட்டப் போட்டோம். எல்லாரும் ஒரே சத்தம்! கையில இருந்த பையக் கீழ போட்டுட்டா. செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. கண்ணுல தண்ணி. ஹாஜிராதான் ஓடிப் போயிப் புடிச்சுக்கிட்டா. சந்தோஷத்துல அழுகறான்னு நான் எல்லாருகிட்டயும் சொன்னேன். கேக்கு வெட்டுனா, எல்லாருக்கும் ஊட்டிவிட்டா, ஒவ்வொருத்தருக்கா நன்றி சொன்னா. போட்டோவுல பாரு, காட்டறேன்... சரி, அப்புறம் காட்டறேன், போனு பையடியில கெடக்குது.

அடுத்த வாரம் சொன்னா, "ஆனைமலையில கூட வேலை பாத்த ஒரு அக்கா இருக்காங்க, போயிட்டு வர்றேன்"னு. ஒரு சின்னப் பைதான் எடுத்துக்கிட்டா. பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே போயி ஏத்திவிட்டேன். கண்ணு, நானே ஏத்திவிட்டேன்!

ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்றா. "அக்கா, நான் இங்கயே ஒரு வீடு பாத்திருக்கேன். இங்கயே இருந்துக்கறேன். அந்த வீட்டுல நீ இரு. எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு. கோவிச்சுக்காத."

எனக்கு ஒண்ணுமே புரியல. சண்டை போட்டோமா? ஒரு வார்த்தை கடிஞ்சு பேசுனோமா? ஓடிப் போயி அவ அலமாரியத் தொறந்து பாத்தேன். காலி. சேலை இல்ல, புஸ்தகம் இல்ல, அப்பா போட்டோ இல்ல. சின்னப் பையோடதான போனா? அப்புறம்தான் யோசிச்சேன். ஒரு மாசமா தெனமும் வெளிய போறப்ப கையில ஒரு துணிப்பை இருக்கும். தையக்காரர்ட்டம்பா, இஸ்திரிக்கும்பா. அத்தனையும் கொஞ்சம் கொஞ்சமா நடந்து வெளிய போயிருக்குது. ஹாலு நெறைய ஆளு. கும்மி அடிச்சுட்டு இருக்கோம். அந்தக் கும்மிக்கு நடுவுல, எங்ககிட்ட வழி கேட்டு வழி கேட்டு, அவ வீட்டையே தூக்கிட்டுப் போயிருக்கா. ஒருத்தரும் பாக்கல.

பாக்கலேன்னா நெனைக்கற? எல்லாருக்கும் தெரியும்! எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது. அந்தத் துணிப்பையெல்லாம் ஹாஜிரா வீட்டுலதான் சேந்திருக்குது. என் பையன் நவநீதன், நான் பெத்த புள்ள, லீவு போட்டுட்டு ஆனைமலைக்குப் போயி வீடு பாத்துக் குடுத்திருக்கான்.

போன் பண்ணிக் கேட்டேன். "ஏன்டா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. சித்தி கேட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணல?"

"சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?"

"அவ வீட்டுல நான் இருக்கறது புடிக்கலேன்னா என்னையப் போன்னு சொல்லியிருக்கலாமே!"

அவன் மெதுவாச் சொல்றான், "நானும் அதைத்தாம்மா சித்திகிட்டச் சொன்னேன். அதுக்கு அவங்க, அக்காவப் போகச் சொன்னா அக்காவுக்கு எங்கயும் மனுசங்க இருக்கமாட்டாங்க, என்னால எங்க போனாலும் இருந்துக்க முடியும்னாங்க."

எப்படிப் பேச்சு பாத்தியா? எனக்கு மனுசங்க இல்லையாம். எனக்கு!

சரி, போறா போன்னு விட்டேன். பிளாட்டு ஆளுங்க இருக்காங்களேன்னு பாத்தா, அவளுகளும் ஒவ்வொருத்தியா நழுவறாளுக. கும்மிய எதுத்த பிளாக்குக்கு மாத்திட்டாங்க. வெள்ளிக்கெழமை வந்தா வெளக்கு அணையறதுக்குள்ள கெளம்பிருவாங்க. வந்தவுடனே கேக்கறது என்ன தெரியுமா? "அமராக்கா போன் பண்ணுனாங்களா? எப்படி இருக்காங்க?" கனகவல்லி டீச்சர் கண்ணு கலங்கறாங்க. அவங்க மருமகனுக்குக் குடிப்பழக்கமாம். எனக்குத் தெரியாது! தெனமும் என் வீட்டுல வந்து ஒக்காந்து காப்பி குடிச்ச மனுசி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அடுப்படியில போயி அமராகிட்டச் சொல்லியிருக்காங்க. ஜோதிமணிக்குக் கர்ப்பப்பையில கட்டி, அதையும் அமராகிட்டத்தான் சொல்லியிருக்கா. "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"ன்னு ஜோதிமணியக் கேட்டேன். "அவங்ககிட்டச் சொன்னா அவங்களோட நின்னுரும்க்கா"ன்னா. நான் கூட்டிட்டு வந்த கூட்டம் கண்ணு! ஆளு சேத்தது நானு. பேசாதவளுக்கு எப்படி அத்தனை பேரும் சொந்தமாவாங்க? இது துரோகம் இல்லாம என்ன?

மனசு கேக்கல. முந்தாநேத்து கெளம்பிட்டேன், சொல்லாம. என்ன கோலத்துல கெடக்கறாளோ, பாத்துக் கூட்டிட்டே வந்துரலாம்னு.

ஆனைமலையில வாய்க்கால் ஓரமா ஓட்டு வீடு. வாசல்ல ரெண்டு பேரு ஒக்காந்திருந்தாங்க. ஒண்ணு அமரா. இன்னொண்ணு பக்கத்து வீட்டம்மா, மேரின்னு பேரு, அப்புறம் தெரிஞ்சுது. நடுவுல முறத்துல மொச்சை. உரிச்சுட்டு இருந்தாங்க. நான் கேட்டுக்கு வெளிய வேலியோரமா நின்னேன். இவ என்ன பேசறான்னு கேக்கலாம்னு. நிக்கறேன், நிக்கறேன், எங்காலு கடுக்குது. ஒரு வார்த்தை இல்ல. சண்டையோன்னு பாத்தா அப்படியும் இல்ல. அந்தம்மா உரிச்சதை இவ பக்கமாத் தள்ளறாங்க, இவ தோலை அள்ளிக் கூடையில போடறா. அவ்வளவுதான். அப்ப ஒரு கோழி வந்து முறத்துல ஒரே கொத்தா ஒரு காயைத் தூக்கிட்டு ஓடுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. சிரிச்சாங்க பாரு! அமரா சிரிக்கறா, தோளு குலுங்க, கண்ணத் தொடைச்சுக்கிட்டு, மூச்சு வாங்கற அளவுக்குச் சிரிக்கறா. அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்ல. அறுபது வருஷமா அக்கா நானு. பார்க்குல தெனமும் நிக்க வெச்சேன், ஒரு ஹா வாங்க முடியல. ஒரு கோழிக்குச் சிரிக்கறா!

உள்ள போனேன். "அக்கா!"ன்னு எந்திரிச்சு ஓடி வந்தா. நல்லாத்தான் இருக்கா. மாத்திரையப் பாதியாக் கொறைச்சுட்டாங்களாம். தூக்கம் வருதாம். எனக்குப் புடிக்கும்னு அன்னைக்கே வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டா. அத்தனையும் பண்ணுவா.

இன்னைக்குக் காலையில பொறுக்க முடியாமக் கேட்டுட்டேன். "ஏன்டி, எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் மாத்திக்கமாட்டனா? ஏன் சொல்லல?"

"சொன்னேன்க்கா."

"எப்பச் சொன்ன?"

"நெறையத் தடவை. பால்கனியில சொன்னேன். ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்ப ஆட்டோவுல சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் இல்லாம இருக்கோணும்க்கான்னு சொன்னேன். நீ பேசிட்டு இருந்த."

பொய் சொல்றவ இல்ல அவ. ஆனா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல கண்ணு. சத்தியமா இல்ல. சொல்றவ சத்தமாச் சொல்லோணும்ல?

கெளம்பறப்ப பஸ் ஸ்டாப்புக்கு வந்தா. எங் கையப் புடிச்சுக்கிட்டா. அவளா யாரையும் தொடமாட்டா. "அக்கா, தப்பா எடுத்துக்காத. நீ வந்தா எனக்குச் சந்தோஷமா இருக்குது. நீ போனாலும் சந்தோஷமா இருக்குது. ரெண்டும் நெசம்"னா. பஸ் வந்துருச்சு. நான் ஏறிட்டேன். எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே வரல, நம்புவியா?

வளைவுல திரும்பறப்ப எட்டிப் பாத்தேன், நின்னு கை காட்டுவான்னு. அவ திரும்பி நடந்துட்டு இருந்தா. கைய வீசிக்கிட்டு, வேக வேகமா, தேர் நோம்பிக்குப் போற சின்னப் புள்ள மாதிரி.

அதெப்படி கண்ணு ரெண்டும் நெசமா இருக்கும்? வந்தா சந்தோஷம்னா போனா வருத்தமாத்தான இருக்கோணும்? எனக்கு அப்படித்தான் இருக்குது. யாரு எந்திரிச்சுப் போனாலும் இருக்குது.

என்னது, சுந்தராபுரமா? தாண்டிருச்சா? இல்ல, தெரியும், கண்டக்டர் சத்தம் போட்டது கேட்டுச்சு. அங்கதான் வீடு. பரவால்ல விடு. இப்பப் போயிக் கதவத் தொறந்து என்ன பண்றது? உக்கடம் வரைக்கும் உங்கூட வர்றேன். அங்க இருந்து வேற பஸ்சுல திரும்பி வந்துக்கறேன். உக்கடத்துல எந்நேரமும் கூட்டமா இருக்கும்.